காலில் அடைப்புக்குப் பலூனா, பைபாஸா? புதிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கேள்வி: மும்பையில் எங்களோடு இருக்கும் என் மாமனாருக்கு வயது 68. பல வருடமாகச் சர்க்கரை. இடது கால் பெருவிரலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை, நுனி கருத்திருக்கிறது. ஸ்கேன் பார்த்த ஒரு டாக்டர் பலூன் போடலாம் என்கிறார். இன்னொருவர் காலுக்கு பைபாஸ் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். சமீபத்தில் வந்த ஆய்வுகள் இதில் எது நல்லது என்கின்றன?

பதில்:

நான் டாக்டர் இல்லை. மும்பையில் ஒரு மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸ். ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவில்தான் பல வருடமாக வேலை. புது ஆய்வுகள் வந்தால் எங்கள் யூனிட்டில் ஜூனியர் டாக்டர்கள் எடுத்துப் பேசுவார்கள், நானும் போய் உட்காருவேன். கேஸ் நடக்கும்போது பக்கத்தில் நிற்கிறவளுக்கு அந்த எண்கள் எதைப் பற்றியவை என்று தெரியும். அதை வைத்துத்தான் எழுதுகிறேன். பலூன் என்றால் ரத்தக்குழாய்க்குள் போய் அடைப்பைப் பலூனால் விரிப்பது, தேவைப்பட்டால் குழாய் மூடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைப்பது. பைபாஸ் என்றால் அடைப்பைத் தாண்டி ரத்தம் போக, நோயாளியின் சொந்தச் சிரையையோ (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) செயற்கைக் குழாயையோ வைத்துத் தைப்பது.

இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால், யாரோ ஒருவர் காசுக்காகச் சொல்கிறார் என்று வீட்டில் பேச்சு வரும். இந்த விஷயத்தில் அப்படி நினைக்க வேண்டியதில்லை. இதே கேள்விக்கு நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளே எதிரும் புதிருமாகத்தான் முடிந்திருக்கின்றன.

முதலாவது 'பெஸ்ட் சிஎல்ஐ'. 2022 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. அமெரிக்கா, கனடா, இத்தாலி, பின்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 1,830 நோயாளிகள். எல்லோருக்கும் உங்கள் மாமனாருக்கு இருப்பது மாதிரியே கால் போகிற அளவுக்கு அடைப்பு: ராத்திரி தூங்கவிடாத வலி, ஆறாத புண், அல்லது விரல் கருகுவது. குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு பைபாஸ், மறு பாதிக்குப் பலூன், ஸ்டென்ட் வகையறா. இதில் அவர்கள் செய்த ஒரு புத்திசாலித்தனமான காரியம், நோயாளிகளை ஆரம்பத்திலேயே இரண்டு கூட்டமாகப் பிரித்தது. காலில் நல்ல சிரை இருக்கிறவர்கள் 1,434 பேர் ஒரு கூட்டம். அது இல்லாமல் வேறு சிரையோ செயற்கைக் குழாயோ தேவைப்பட்ட 396 பேர் இன்னொரு கூட்டம்.

நல்ல சிரை இருந்த கூட்டத்தில் பைபாஸ் தெளிவாக ஜெயித்தது. காலை இழப்பது, திரும்பவும் பெரிய சிகிச்சை தேவைப்படுவது, இறப்பு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தவர்கள் பைபாஸ் பக்கம் 42.6 சதவீதம், பலூன் பக்கம் 57.4 சதவீதம். அதே வரிசையில், கணுக்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டி வந்தது 10.4, 14.9 சதவீதம். திரும்பவும் பெரிய சிகிச்சைக்கு வந்தவர்கள் 9.2, 23.5 சதவீதம். சிரை இல்லாத கூட்டத்திலோ இரண்டு சிகிச்சைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

அடுத்த வருடமே, 2023இல், 'பேசில் 2' லான்செட்டில் வந்தது. 345 பேர், பெரும்பாலும் பிரிட்டன் மருத்துவமனைகள், கொஞ்சம் ஸ்வீடன், டென்மார்க். இது முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களில் அடைப்பு இருந்தவர்களுக்கு மட்டும். இங்கே முடிவு நேர்மாறு. காலை இழந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் பைபாஸ் பக்கம் 63 சதவீதம், பலூன் பக்கம் 53. உள்ளே போய்ப் பார்த்தால் காலை இழந்தது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், 20, 18 சதவீதம். வித்தியாசம் வந்தது இறப்பில்: 53, 45.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். இன்னும் பல வருடம் நடமாடப் போகிறவர், இதயமும் நுரையீரலும் ஆபரேஷனைத் தாங்கும், காலில் நல்ல சிரை இருக்கிறது என்றால் பைபாஸை லேசில் ஒதுக்கக் கூடாது. வயதாகித் தளர்ந்தவர், இதயம் பலவீனம், அடைப்பு முழுக்கக் கீழே சின்னக் குழாய்களில், சிரையும் சரியில்லை என்றால் பலூனில் தொடங்குவதே நியாயம். நடுவில் இருக்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் சர்ஜனும் பலூன் போடுகிறவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆஞ்சியோ படத்தைப் பார்க்க வேண்டும். சில இடங்களில் இரண்டையும் ஒரே டாக்டரே செய்வார். அப்படிப்பட்டவரிடம் ஒரு தடவை காட்டுவது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு ஆய்விலும் இந்தியாவின் மருத்துவமனைகள் இல்லை. நம் ஊர் சர்க்கரை நோயாளிகள் நிறையப் பேர் இன்னும் சின்ன வயதிலேயே வருகிறார்கள், புண் முற்றிய பிறகு வருகிறார்கள், பாதத்தில் சீழோடு வருகிறார்கள். அந்த எண்களை அப்படியே மாமனாருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சரி, அந்தச் சிரைக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கணுக்காலின் உள்பக்கம் தொடங்கி, முழங்காலின் உள்பக்கமாக ஏறி, தொடை இடுக்கு வரை தோலுக்கு அடியிலேயே ஒரு நீளமான சிரை ஓடுகிறது. இதயத்துக்கு பைபாஸ் செய்யும்போது எடுப்பதும் இதைத்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள், ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் வைத்து அதன் பாதையைத் தோல் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போவார்கள். எங்கே கிளை பிரிகிறது, எங்கே மெலிகிறது, எங்கே பழைய ஊசியால் தடித்துப் போயிருக்கிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். சுமார் மூன்று மில்லிமீட்டர் அகலமாவது இருந்தால் சர்ஜன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

மறுநாள் தியேட்டரில் அதை எடுத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைனில் வைப்போம். ஒரு முனையில் சிரிஞ்ச் வைத்து மெல்ல சலைன் ஏற்றினால், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற மாதிரி, எங்கே கசிகிறது என்று தெரியும். அங்கே மெல்லிய நூலால் கட்டுவார்கள். உள்ளே ரத்தம் ஒரு பக்கமாகவே போகும்படி வால்வுகள் இருப்பதால் பெரும்பாலும் சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். தையல் முடிந்து கிளாம்பை எடுத்ததும் பாதத்தில் டாப்ளர் பேனாவை வைப்பார்கள். அதுவரை சத்தமே வராத இடத்தில் விசுக் விசுக் என்று கேட்கும். மெழுகு மாதிரி வெளுத்திருந்த உள்ளங்கால் நிறம் மாறுவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிற ஒரு அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மகளோடு வந்தார். வேறொரு இடத்தில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஆஞ்சியோ எடுக்கவே இல்லை. அவருக்கு ஏற்கெனவே இதய பைபாஸ் ஆகி, வலது காலில் இருந்த சிரை போய்விட்டது. புண்ணும் அதே வலது காலில். ஆனால் இடது காலை யாரும் ஸ்கேன் செய்து பார்க்கவில்லை. பார்த்தபோது அந்தச் சிரை நன்றாகவே இருந்தது. அதை எடுத்து வலது காலில் வைத்தார்கள். இரண்டு விரல் போனது, பாதம் நின்றது. வார்டில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சிஸ்டர், திரும்ப சைக்கிள் மிதிக்கலாமா?" என்பதுதான்.

அதனால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது "பலூனா பைபாஸா" என்று தொடங்காதீர்கள். இரண்டு காலிலும் சிரையை ஸ்கேன் செய்து பார்த்தீர்களா, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். முன்பு இதய ஆபரேஷன் ஆகியிருந்தால் எந்தக் காலிலிருந்து எடுத்தார்கள் என்ற பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு போங்கள். அப்புறம், வார்டில் சேர்த்தால் கணுக்காலில் டிரிப்ஸ் ஊசி போட விடாதீர்கள். அந்தச் சிரை பின்னால் தேவைப்படலாம்.

விரல் நுனி கருத்திருப்பதால் "அதை மட்டும் வெட்டிவிடலாம்" என்று யாராவது சொல்லக்கூடும். சீழ் பிடித்திருந்தால் அதை உடனே திறந்து வெளியேற்றத்தான் வேண்டும், அதில் காத்திருக்க முடியாது. ஆனால் சீழ் இல்லாமல் காய்ந்து கருத்த விரல் என்றால், முதலில் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ரத்தம் வராத இடத்தில் வெட்டினால் அந்த வெட்டும் ஆறாது. பிறகு அதற்கு மேலே, அதற்கும் மேலே என்று போய்க்கொண்டே இருக்கும். எங்களிடம் வருகிறவர்களில் அப்படிப் படிப்படியாகக் காலை இழந்தவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ஆறாது. ஆஞ்சியோ எடுக்காமல் காலை எடுக்கக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்வேன். உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சீழ் ஏறியிருந்தால் மட்டும் அது வேறு.

கணுக்காலில் பிரஷர் பார்த்து "ஓட்டம் நார்மல்" என்று சொல்லியிருந்தால் அதிலேயே திருப்திப்பட வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் பலருக்கு அங்கே குழாய்கள் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும், அதனால் அளவு பொய்யாக அதிகம் காட்டும். விரலில் பிரஷர் பார்ப்பது நம்பகமானது. ஆஞ்சியோவுக்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள், ஏனென்றால் குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றுகிற டை சிறுநீரகத்துக்குச் சுமை.

வலையில் தேடினால் இன்னும் சில கண்ணில் படும், அவற்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்து தடவிய பலூனால் இறப்பு கூடுகிறது என்று 2018 கடைசியில் ஒரு கட்டுரை வந்து பெரிய பயம் கிளம்பியது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019இல் எச்சரிக்கை விட்டு, கூடுதல் தரவுகளைப் பார்த்த பிறகு 2023 ஜூலையில் அதைத் தளர்த்தியது. ஆனால் அந்த வகைப் பலூன் கால் இழப்பைக் குறைக்கவில்லை என்று ஸ்வீடனில் நடந்த பெரிய ஆய்வு 2025இல் சொல்லிவிட்டது. அதனால் கூடுதல் காசு கொடுத்து அதுதான் வேண்டும் என்று நீங்களாக அடம் பிடிக்க வேண்டாம். முழங்காலுக்குக் கீழே வைக்கிற, நாளடைவில் கரைந்துவிடும் மருந்து ஸ்டென்ட் பற்றி 2023இல் 261 பேரிடம் நடந்த ஆய்வில் நல்ல முடிவு வந்தது. குழாய் மறுபடி அடைக்காமல் இருந்ததுதான் அதில் முக்கிய லாபம். செமாக்ளூடைட் என்ற சர்க்கரை நோய் ஊசியால் நடக்கும் தூரம் கூடுகிறது என்று 2025இல் வந்தது, நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறவர்களுக்கானது. ஆறாத புண்ணோடு இருக்கிற உங்கள் மாமனாருக்கு அது இப்போதைய கேள்வியே இல்லை.

எதைச் செய்தாலும் அதற்குப் பிறகு சாப்பிடுகிற மாத்திரையைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. 2020இல் வந்த 'வாயேஜர்' ஆய்வில், காலில் அடைப்பு நீக்கிய 6,564 பேரில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைக் குறைக்கும் ரிவராக்சபான் 2.5 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், திடீர்க் கால் அடைப்பு, காலை எடுப்பது, இதயத்தால் இறப்பு எல்லாம் சேர்த்து மூன்று வருடத்தில் 19.9 சதவீதமாக இருந்தது 17.3 ஆகக் குறைந்தது. ரத்தக் கசிவு கொஞ்சம் கூடியது. அதனால் வயிற்றுப் புண்ணோ கசிவோ முன்பு வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதோடு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் உண்டு. பெஸ்ட் சிஎல்ஐயில் எந்தச் சிகிச்சை செய்தவர்களானாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்த ஆய்வுக் காலத்திலேயே இறந்துபோனார்கள் என்பதை மறக்க முடியாது. காலில் அடைத்த அதே நோய் பெரும்பாலும் இதயத்திலும் இருக்கும். பீடி, சிகரெட், குட்கா, இங்கே பெரியவர்கள் பல்லில் தேய்க்கிற மிஸ்ரி என்ற புகையிலைப் பொடி, எதுவாக இருந்தாலும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பைபாஸ் அடைத்துத் திரும்பி வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டில் காலை வெந்நீரில் ஊற வைக்க வேண்டாம், வெந்நீர் பையும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். ராத்திரி கட்டிலில் காலைத் தொங்கப் போட்டால்தான் வலி குறைகிறது என்று அவர் சொன்னால் அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். காய்ச்சல், நாற்றம், சிவப்பு மேலே ஏறுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். பாதம் திடீரென்று ஜில்லென்று வெளுத்து அசைக்க முடியாமல் போனால் மணிக்கணக்குத்தான் அவகாசம், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

செலவுக்கு: மகாராஷ்டிரா அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மகாத்மா ஜோதிராவ் பூலே ஜன ஆரோக்கிய யோஜனா இருக்கிற மருத்துவமனைகளில், வழிகாட்ட ஆரோக்கியமித்ரா என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துப் போய், அட்மிஷனுக்கு முன்னாலேயே அவரிடம் இந்தச் சிகிச்சை அங்கே திட்டத்தில் வருமா என்று கேளுங்கள். இந்தியோ மராத்தியோ சரளமாக வராது என்றால் வார்டில் தமிழ் பேசுகிற ஒரு சிஸ்டராவது இருப்பார், தயங்காமல் தேடிப் பிடியுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்த வரி புரியவில்லையோ அதை மட்டும் பெயர், எண் எல்லாம் மறைத்துவிட்டு இங்கே கீழே எழுதுங்கள். டியூட்டி முடிந்து வந்ததும் அதன் அர்த்தத்தைச் சொல்கிறேன்.