டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் ஹப்பைப் பாருங்கள்: பிரேக் கேள்வி-பதில்

80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. ‘டிஸ்க் வளைஞ்சுடுச்சு’ என்று சொல்லி முன்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள். ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது மறுபடியும் அதே உதறல். மட்டமான சரக்கைப் போட்டுவிட்டார்களா? (வாசகர், ஈரோடு)

சரக்கின் மேல் பழி போட அவசரப்படாதீர்கள். சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டுதான் டிஸ்க்; அது அவ்வளவு சுலபத்தில் வளையாது. உதறலுக்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போவதுதான். 0.02 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தாலே பிரேக் பிடிக்கும்போது கைக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது? பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதியின், முகத்தைப் பாருங்கள். துரு பொருக்குப் பொருக்காக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் அது மயிரிழை சாய்ந்து உட்காரும். நீங்கள் பிரேக்கைத் தொடாமல் போகும்போதுகூட, ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம் பேடில் (பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் கட்டை) உரசிக்கொண்டே போகும். நாளாக ஆக அந்த இடம் மட்டும் மெலியும். முதல் நாள் ஒன்றும் தெரியாமல், மாதங்கள் கழித்து உதறல் எடுப்பது இதனால்தான்.

இந்த முறை மெக்கானிக்கிடம் சொல்லி, நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள். வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு, ஹப்பின் முகத்தில் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். போல்ட்டுகளின் அடிப்பகுதியை விட்டுவிடக் கூடாது. டிஸ்க்கை மாட்டி, நட்டுகளை முடுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. கூடுதலாக இருந்தால் டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டிப் பாருங்கள்; பல வண்டிகளில் அதிலேயே சரியாகிவிடும். கடைசியில், வீல் நட்டுகளைக் காற்று கன்னால் ‘டர்ர்’ என்று முடுக்கி அனுப்புவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிர் நட்டுகளாகப் படிப்படியாக இறுக்கி, டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) முடிக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

டிஸ்க்கில் கோடு விழுந்திருக்கிறது. லேத்தில் கொடுத்துச் சீவினால் போதுமா, புதிதாகவே போட வேண்டுமா? (வாசகர், திண்டுக்கல்)

அளந்து பார்க்காமல் யார் பதில் சொன்னாலும் அது ஊகம்தான். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, 22 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கு 20 என்று இருக்கலாம். சீவிய பிறகும் அந்த எண்ணுக்கு மேல் தாராளமாக இருந்தால் மட்டும் லேத்துக்குக் கொடுங்கள். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, விரிசல் விடும்.

அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி நிற்கும். வெர்னியர் அளவுகோலை அப்படியே வைத்தால் அது வரப்பில் உட்கார்ந்து, டிஸ்க் புதுசு போலவே காட்டும். மைக்ரோமீட்டர் இல்லையென்றால், ஒரே மாதிரி இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை டிஸ்க்கின் இருபுறமும், பேட் ஓடும் இடத்தில் வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். நான்கைந்து இடங்களில் அளந்து, கிடைப்பதில் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு மறுநாள் காலையில் டிஸ்க் முழுக்கச் செந்துரு. வண்டியை எடுத்ததும் ‘சர்ர்’ என்று சத்தம். (வாசகி, நாகப்பட்டினம்)

பயம் வேண்டாம். நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். கடலோரத்தில் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்து, துரு குழிகுழியாக அரித்துவிட்டால்தான் சிக்கல். மற்றபடி, டிஸ்க்கில் எண்ணெய் தடவும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஒரு பக்க டிஸ்க் மட்டும் தேய்ந்துவிட்டது. அதை மட்டும் மாற்றலாமா? (வாசகர், விருதுநகர்)

கூடாது. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து, பேடோடு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். போன மழைக்காலத்தில் என் பட்டறைக்கு ஒரு சின்னக் கார் வந்தது. சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தால் வெளிப் பேடில் 6 மில்லிமீட்டர் இருந்தது. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபரைத் தூக்கினால், உள்பேடில் ஒன்றுமே மிச்சமில்லை; அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை ஏர் ஓட்டியதுபோல உழுதிருந்தது. காலிபர் வழுக்கி நகர உதவும் இரண்டு பின்களில் (கம்பிகளில்) கீழே இருப்பது கையால் அசையவில்லை. முறுக்கி வெளியே எடுத்தபோது பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகிக் கிடந்தது, ரப்பர் உறை கிழிந்து உள்ளே தண்ணீர் போயிருந்தது. அந்தப் பின்னைக் கவனிக்காமல் டிஸ்க்கை மட்டும் மாற்றியிருந்தால் புது டிஸ்க்கும் அதே கதிதான். பேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு பின்களையும் உருவி, துடைத்து, சிலிகான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது கருகல் வாசனை, பெடல் பஞ்சு போல உள்ளே போனது. டிஸ்க் போய்விட்டதா? (வாசகர், நாமக்கல்)

நீங்கள் அன்று பத்திரமாகக் கீழே வந்து சேர்ந்ததே பெரிது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க்கின் சூடு பிரேக் ஆயில் வரை போகும். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். நீங்கள் மிதிக்கும் மிதி அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே போய்விடும்.

முதல் வேலையாக ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறதா, முடி விரிசல் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் சீவிப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள்; எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைக்கவே கூடாது, பெடல் கல்லாகிவிடும். சூடேறிய டிஸ்க்கில் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

புது டிஸ்க், புது பேட் போட்டிருக்கிறேன். முதல் நாள் என்ன கவனிக்க வேண்டும்? (வாசகி, தென்காசி)

துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயோடுதான் புது டிஸ்க் வரும். பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டினார்களா என்று கேளுங்கள். பிறகு காலியான சாலையில் 60 வேகத்திலிருந்து 20 வரை மிதமாகக் குறையுங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம். இடையில் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, பத்து முறை இப்படிச் செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். முதல் 200, 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்க்கப் பாருங்கள்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது, கியர் போடுவதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள். பேட் மாற்றும்போது, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும், கெட்டியான பிறகுதான் நகர வேண்டும்.