விலை ஏறினால் புகையும் குடியும் குறையுமா?

கேள்வி: பழக்கத்துக்கு அடிமையானவர் என்ன விலை சொன்னாலும் வாங்கத்தானே செய்வார்? பிறகு சிகரெட் வரியை உயர்த்தி என்ன பயன்?

பதில்: சிகரெட்டின் தேவை நெகிழ்ச்சி (விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது) குறைவு என்பது உண்மை; ஆனால் குறைவு வேறு, பூஜ்யம் வேறு. விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு, வருமானம் மிகுந்த நாடுகளில் சுமார் 4 சதவீதமும், மற்ற நாடுகளில் சுமார் 5 சதவீதமும் குறைவதாகவே பெரும்பாலான மதிப்பீடுகள் காட்டுகின்றன. கையில் காசு குறைந்த, பழக்கம் இன்னும் வேரூன்றாத இளைஞர்களிடம் இந்தச் சரிவு மேலும் கூடுதல்.

கேள்வி: விற்பனை குறைந்தால் அரசின் வருவாயும் குறையாதா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாக்கெட்டின் விலை 100, அதில் வரி 50 என்றும், 100 பாக்கெட்டுகள் விற்பதாகவும் கொண்டால் வரி வருவாய் 5,000. வரியை 60 ஆக்கி, அந்த உயர்வு முழுவதும் விலையில் ஏறி, விற்பனை 96 ஆகக் குறைந்தாலும் வருவாய் 5,760. வருவாய் போய்விடும் என்ற அச்சம், நெகிழ்ச்சி குறைவாக இருக்கும்வரை, ஆதாரமற்றது. கடத்தல் சரக்கு பெருகும் என்ற வாதத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது என்றாலும், அங்கே விலையைவிடக் கண்காணிப்பின் தளர்ச்சிக்கே பங்கு அதிகம்.

கேள்வி: வரி உயர்ந்த உடனே பெரிய மாற்றம் தெரிவதில்லையே?

பதில்: பழக்கம் மெல்லத்தான் விடும் என்பதால், நீண்ட கால நெகிழ்ச்சி குறுகிய கால நெகிழ்ச்சியைவிட அதிகம். பொருளியலாளர்கள் கேரி பெக்கரும் கெவின் மர்பியும் 1988இல் முன்வைத்த 'பகுத்தறிவு அடிமைத்தனம்' என்னும் கோட்பாட்டின்படி, இன்றைய நுகர்வு நேற்றைய நுகர்வை மட்டுமின்றி நாளைய விலையைப் பற்றிய எதிர்பார்ப்பையும் சார்ந்தது; ஆகவே முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட வரி உயர்வு, நடைமுறைக்கு வருமுன்பே நுகர்வைக் குறைக்கக்கூடும். ஆனால் விட நினைத்தும் விட முடியாமல் தவிப்பவரை இக்கோட்பாடு சரியாக விளக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. இன்றைய ஆசைக்கு முன் நாளைய தீர்மானம் தோற்றுப்போவதைக் கணக்கில் எடுத்து ஜோனதன் க்ரூபரும் போட்டோண்ட் கொசெகியும் 2001இல் செய்த திருத்தமே உண்மைக்கு நெருக்கமானது.

கேள்வி: மதுவுக்கும் இதே கணக்குத்தானா?

பதில்: முழுவதும் அல்ல. விலை ஏறும்போது குடிப்பவர் அளவைக் குறைக்காமல் மலிவான சரக்குக்கு இறங்கிவிட முடியும். விலையின் சதவீதமாக விதிக்கும் வரி, மலிவான சரக்குக்கும் உயர்ந்த சரக்குக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்கி இதற்கு வழிவிடுகிறது. ஆல்கஹாலின் அளவுக்கேற்ப விதிக்கும் வரி அவ்வாறு செய்வதில்லை. ஆல்கஹாலின் ஒவ்வோர் அலகுக்கும் குறைந்தபட்ச விலையை ஸ்காட்லாந்து 2018இல் நிர்ணயித்ததும் இந்த மலிவுச் சரக்கைக் குறிவைத்துத்தான்.