மாநிலப் பூங்காக்களுக்காகக் குரல் கொடுப்பது எப்படி? ஃபுளோரிடா கேள்வி பதில்

ஃபுளோரிடாவில் குடியிருக்கும் தமிழ் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஜோனதன் டிக்கின்சன் மாநிலப் பூங்காவில் தன்னார்வலராகப் பணிபுரியும் நான் அறிந்தவரை பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, 2024இல் பூங்காக்களுக்குள் கோல்ஃப் மைதானம் அமைக்க முயன்றார்கள் என்கிறார்களே, நடந்தது என்ன?

பதில்: ஒன்பது பூங்காக்களில் கோல்ஃப் மைதானம், பிக்கிள்பால் என்னும் மட்டைப்பந்து விளையாட்டுக்கான ஆடுகளம், விடுதி போன்றவற்றைக் கட்ட மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை வகுத்திருந்த திட்டம் அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியே கசிந்தது. அதை வெளிப்படுத்திய துறை ஊழியர் ஜேம்ஸ் காடிஸ் பணிநீக்கம் செய்யப்பட்டார். அனஸ்டேசியா, டாப்செயில் ஹில் பூங்காக்களில் 350 அறைகள் வரை கொண்ட விடுதிகளும், எங்கள் பூங்காவில் கோல்ஃப் மைதானங்களும் வருவதாக இருந்தன. கருத்துக் கேட்புக் கூட்டங்களையோ, ஒரே நாளில், ஒரே நேரத்தில், வெவ்வேறு ஊர்களில், ஒரே ஒரு மணி நேரத்தில் முடித்துவிட எண்ணியிருந்தார்கள். கட்சி வேறுபாடின்றி மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்ததால் அந்த மாத இறுதிக்குள்ளேயே ஆளுநர் பின்வாங்கினார். இத்தகைய கட்டுமானங்களை மாநிலப் பூங்காக்களில் தடுக்கும் சட்டம், இரு அவைகளிலும் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறி, 2025 மே மாதம் கையெழுத்தானது.

கேள்வி: கோல்ஃப் மைதானமும் பச்சைப் புல்வெளிதானே? அதனால் என்ன கேடு வந்துவிடும்?

பதில்: நல்ல கேள்வி, அம்மா; பலருக்கும் இந்த ஐயம் உண்டு. இங்குள்ள நிலம் வெண்மணல். அதில் பெரும்பாலும் ஆளுயரத்திற்குள் நிற்கும் குட்டை ஓக் புதர்கள். உலகிலேயே ஃபுளோரிடாவில் மட்டும் வாழும் ஸ்க்ரப் ஜே என்னும் நீலப்பறவைக்கு இதுதான் வீடு. ஒரு பறவை ஓக் கொட்டையை அலகில் கவ்வி வந்து, மணலில் குத்தி இறக்கி, மேலே ஓர் இலையை எடுத்து வைத்து மறைப்பதைச் சில அடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இப்படி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கொட்டைகளைப் புதைக்கும். குடும்பத்தில் ஒன்று புதர் உச்சியில் காவல் இருக்க, மற்றவை இரை தேடும். மூத்த பிள்ளைகள் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும். புதர் உயர்ந்துவிட்டால் பருந்து வருவது காவல் பறவைக்குத் தெரியாது என்பதால், கட்டுப்படுத்திய தீ வைத்து அவ்வப்போது புதரைக் குறைக்க வேண்டும். நீர் பாய்ச்சி, உரமிட்டு, வெட்டி வளர்க்கும் புல்லில் ஓக் கொட்டையும் இல்லை, காவல் நிற்கப் புதரும் இல்லை.

கேள்வி: பூங்காவின் நண்பர் குழுவில் சேர்ந்தால் அரசை எதிர்த்துப் பேச முடியுமா?

பதில்: இக்குழுக்கள் துறையோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டு, பூங்காவுக்கு நிதியும் உழைப்பும் திரட்டும் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள். தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு திரட்டக் கூடாது. சட்டமியற்றுவோரை அணுகுவதற்கும் வரம்பு உண்டு. ஆனால் நீங்கள் ஒரு குடிமகனாக, உங்கள் பெயரில் கடிதம் எழுதுவதையோ கூட்டத்தில் பேசுவதையோ அந்த வரம்பு தடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாய்மூடி இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: பூங்காவில் தன்னார்வப் பணி செய்யச் சனிக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கிறது. பிள்ளைகளும் உடன் வருவார்கள். வரலாமா?

பதில்: தாராளமாக வாருங்கள். மரங்களின் மேல் போர்வைபோல் படர்ந்து, தீயை உச்சிவரை ஏற்றிவிடும் அயல்நாட்டு ஏறுபெரணி இங்கே பெருந்தொல்லை. அதை அகற்றும் பணி நடக்கும் நாள்களையும், பிள்ளைகளுக்கு ஏற்ற வேலைகளையும் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெரணியின் வித்துத்தூள் துணியில் ஒட்டிப் பரவும் என்பதால், திரும்பும்போது செருப்பையும் ஆடையையும் நன்றாகத் தட்டிவிட்டே காரில் ஏறுங்கள்.

கேள்வி: சட்டம்தான் வந்துவிட்டதே, இனிக் கவலை எதற்கு?

பதில்: அந்தச் சட்டம் கையெழுத்தான அதே மாதத்தில், குவானா ரிவர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியின் 600 ஏக்கரை, வேறு நிலம் தருவதாகச் சொல்லி ஒரு தனியார் நிறுவனம் கேட்டிருந்தது வெளியே தெரிந்தது. அது மாநிலப் பூங்கா அல்ல என்பதால் புதிய சட்டம் அதற்குக் காவல் ஆகாது; மக்கள் எதிர்ப்பால்தான் அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. மாநிலப் பூங்கா ஒவ்வொன்றுக்கும் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் மேலாண்மைத் திட்டம் உண்டு. எங்கே தீ வைப்பது, எங்கே பாதை போடுவது, எங்கே எதையும் கட்டக்கூடாது என்பதெல்லாம் அதில்தான் முடிவாகிறது. கோல்ஃப் எதிர்ப்புக்குத் திரண்ட கூட்டத்தில் ஒரு சிறு பங்கினராவது இந்தத் திட்டக் கூட்டங்களுக்கு வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவின் திட்டம் எந்த ஆண்டு புதுப்பிக்கப்படும் என்று அங்குள்ள மேலாளரிடம் கேட்டு, இப்போதே நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.