கடப்பாரையும் சான்றிதழும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பிலிருந்து நஞ்செடுப்பதைப் பார்த்தேன். எடுத்தவர் ஜீன்ஸ் போட்டிருந்தார், கையில் செல்போன். மகனை இந்தத் தொழிலுக்கு விடமாட்டேன் என்றார். மனது கனத்துவிட்டது. இந்த மரபை எப்படிக் காப்பாற்றுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்ச நாளாகவே எங்கள் ஊருக்கு எலி பிடிக்க வந்த இருளர் தாத்தாவின் நினைவாக இருந்தேன். உங்கள் கடிதமும் வந்தது.

அறுப்பு முடிந்ததும் கடப்பாரையோடு வருவார். எனக்கு எல்லா வளையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர் குனிந்து மண்ணைப் பார்த்துவிட்டு, "இதுல இல்ல, போயிருச்சு" என்பார். ஓட்டை போட்ட பானையில் வைக்கோலைப் புகையவிட்டு வளைக்குள் ஊதுவார். எலியோடு, அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். அந்த நெல் அவருக்குத்தான், அதுதான் வழக்கம். ஒரு வருடம் என் அப்பா அதில் பாதியைக் கேட்டார். தாத்தா ஒன்றும் பேசாமல் துண்டை அவிழ்த்துக் கொட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இன்றும் உறுத்துகிறது.

ஜீன்ஸையும் செல்போனையும் விடுங்கள். அவர் எதை உடுத்த வேண்டும் என்று சொல்ல நாம் யார்? 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றபோது, அதை நம்பியிருந்த இருளர் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978-ல் இந்தச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் உயிரோடு பிடித்து, நஞ்செடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நம் நாட்டுப் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்து போவதுதான். அந்த அறிவுக்குக் கூலி கிடைத்தது, அதனால் அது பிழைத்தது. பாம்பு பிடிக்க வனத்துறை அனுமதி தாமதமானால் அந்தக் கூலியும் இல்லை.

மகனை விடமாட்டேன் என்றாரே, ஏன் என்று கேட்டீர்களா? கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மனது கனத்து என்ன பயன்?

2023-ல் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். ஆனால் அதே சனத்துப் பிள்ளை மேலே படிக்கப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டால் அலையவிடுகிறார்கள். "அப்பாவின் சான்றிதழ் எங்கே?" அப்பா பள்ளிக்கூடமே போனதில்லை. "பட்டா?" ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவருக்குப் பட்டா ஏது? செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போனவர்களிடம் எந்தக் காகிதம் இருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணோடு மூன்று முறை அலுவலகம் போனேன். மூன்றாம் முறை அங்கிருந்தவர் அவளிடம், "உனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். தலை குனிந்து நின்றாள்.

நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதினீர்கள், தெரியும். ஆனால் உங்கள் வருத்தத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது நண்பரே.

மறுபடி விண்ணப்பித்திருக்கிறோம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களால் முடிந்தால் கூட வாருங்கள்.