கேள்வி–பதில்: முதல் மாரத்தானும் வார இறுதி நெடிய ஓட்டமும்

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு அரை மாரத்தான்களை முடித்திருக்கிறேன். இன்னும் 18 வாரங்களில் முதல் முழு மாரத்தான். வாரத்தில் நான்கு நாட்கள் ஓடுகிறேன். நான் பார்த்த பயிற்சி அட்டவணைகள் எல்லாம் 30 அல்லது 32 கிலோமீட்டரோடு நின்றுவிடுகின்றன. முழுத் தூரத்தையும் ஒருமுறையாவது ஓடிப் பார்க்காமல் எனக்கு எப்படி நம்பிக்கை வரும்?

பதில்: முதல் மாரத்தானுக்குப் பதிவு செய்த ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. இருந்தாலும், முழுத் தூரத்தைப் பயிற்சியில் ஓடிப் பார்க்க வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். 42.195 கிலோமீட்டர் என்பது மனித உடலின் இயல்பை ஆராய்ந்து வகுத்த அளவு அன்று. 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தொடக்க இடமும் முடிவிடமும் அமைந்த விதத்தால் வந்த தூரம் அது. 1921இல்தான் அதிகாரபூர்வ அளவாக ஏற்கப்பட்டது. ஆகவே அந்த எண்ணைத் தொட்டால்தான் உடல் தயாராகும் என்று பொருள் இல்லை.

நெடிய ஓட்டம் உடலுக்குள் செய்யும் வேலை மிக மெதுவானது. தசைகளில் நுண்ணிய இரத்தத் தந்துகிகள் பெருகுகின்றன. உயிரணுக்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்த உடல் பழகிக்கொள்கிறது. இவை ஒரே நாளில் ஓடிய தூரத்தால் வருபவை அல்ல. பத்துப் பன்னிரண்டு வாரங்கள் விடாமல் ஓடியதன் கூட்டுப்பலனாகவே வருகின்றன. அதே வேளையில், மூன்று மணி நேரத்துக்கு மேல் போகப்போக, தசை நார்களுக்கு ஏற்படும் சேதமும் களைப்பால் ஓடும் முறை குலைவதும் பெருகிக்கொண்டே போகின்றன. கூடுதல் பலனோ சிறுத்துக்கொண்டே வருகிறது. ஒருமுறை 42 கிலோமீட்டர் ஓடிவிட்டால், அதிலிருந்து மீள இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். 18 வாரங்களில் அத்தனை நாட்களைச் செலவழிக்க உங்களிடம் இடமில்லை.

நீங்கள் அரை மாரத்தான் முடித்தவர் என்பதால் 16 கிலோமீட்டரிலிருந்து தொடங்கலாம். வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போய், நான்காவது வாரம் தோறும் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தூரத்தைக் குறைத்துவிடுங்கள். அந்தக் குறைந்த வாரத்தைப் பலர் வீணான வாரமாக எண்ணித் தாண்டிப் போய்விடுகிறார்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்கள் காயப்படுவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். அதை நிரப்புவது ஓய்வு வாரம். இப்படியே போனால் 30 கிலோமீட்டரை இரண்டு முறையாவது ஓடலாம். கடைசி 30 கிலோமீட்டர் போட்டிக்கு மூன்று வாரங்கள் முன்பே முடிந்துவிட வேண்டும்.

தூரத்தோடு நேரத்தையும் கணக்கில் வையுங்கள். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் எடுப்பவருக்கு மூன்றரை மணி நேரம் என்பது சுமார் 26 கிலோமீட்டர்தான். அவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மீதித் தூரத்தை எது கடத்தும் என்று கேட்டால், கடைசி மூன்று வாரங்களில் ஓட்டத்தைக் குறைத்துப் பெற்ற ஓய்வும், நிறைந்த மாவுச்சத்துச் சேமிப்பும், போட்டியின் முதல் பாதியில் நீங்கள் காக்கும் நிதானமும் கடத்தும் என்பதே என் பதில்.

கேள்வி: நான்கரை மணி நேரத்தில் முடிப்பது என் இலக்கு. அதற்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி தேவை என்பதால், நெடிய ஓட்டங்களையும் அதே வேகத்தில் ஓடுகிறேன். கடைசி ஐந்து கிலோமீட்டர் பெரும் போராட்டமாக இருக்கிறது. உடன் ஓடும் நண்பர் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார். மெதுவாக ஓடிப் பழகினால் போட்டியில் வேகம் எங்கிருந்து வரும்?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் இலக்குக்கு, நெடிய ஓட்டத்தின் வேகம் கிலோமீட்டருக்கு ஏழேகால் முதல் ஏழே முக்கால் நிமிடம் வரை இருந்தால் போதும். பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கிறீர்கள் என்றால், கடிகாரம் எதைக் காட்டினாலும் அது அன்றைக்கு அதிக வேகம்தான். வெயிலும் புழுக்கமும் உள்ள நாளில் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அன்று இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். அதிலிருந்து கிடைப்பது 2000 கிலோகலோரி அளவுக்குத்தான். ஓடும்போது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு முழு மாரத்தானுக்கு 2700க்கு மேல் தேவைப்படும். 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் பலருக்குக் கால்கள் திடீரென்று கனத்துப்போவதற்கு இந்தப் பற்றாக்குறை முக்கியக் காரணம். பற்றாக்குறையைக் கொழுப்புதான் ஈடுகட்ட வேண்டும். கொழுப்பின் பங்கு நிதானமான வேகத்தில் கூடும், வேகம் ஏற ஏறக் குறையும். உங்கள் கடைசி ஐந்து கிலோமீட்டர் போராட்டத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

இதில் நானும் தவறியிருக்கிறேன். என் முதல் 28 கிலோமீட்டர் ஓட்டத்தில், உடல் இலேசாக இருந்த உற்சாகத்தில், நினைத்ததைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வேகமாகப் புறப்பட்டேன். 22ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் துடிக்கத் தொடங்கியது. கடைசி நான்கு கிலோமீட்டரை நடந்து முடித்தேன். வாசற்படியில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்க்க முயன்றபோது விரல்கள் நடுங்கி முடிச்சு பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுவன் வந்து அவிழ்த்துவிட்டான். அடுத்த நான்கு நாட்கள் படியிறங்கக் கைப்பிடியைப் பற்ற வேண்டியிருந்தது. அந்த வாரத்தின் மூன்று ஓட்டங்களும் போயின. நான் இழந்தது அந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் அன்று, ஒரு முழு வாரத்தை.

வேகம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருந்தீர்கள். நியூசிலாந்தின் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்நெல்லையும் மேடும் பள்ளமுமான சுமார் 35 கிலோமீட்டர் பாதையில் ஓடவைத்தார். முதலில் தாங்குதிறன், அதன் மேல்தான் வேகப் பயிற்சி என்பது அவர் வகுத்த வரிசை. ஸ்நெல் 1960இல் ரோமில் 800 மீட்டரிலும், 1964இல் டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். உங்களுக்கும் அந்த வரிசையே பொருந்தும். 26 கிலோமீட்டர் சிரமமில்லாமல் கைகூடிய பிறகு, ஓரிரு நெடிய ஓட்டங்களில் கடைசி ஆறு முதல் எட்டு கிலோமீட்டரை மட்டும் போட்டி வேகத்தில் ஓடுங்கள். மற்றபடி வேகப் பயிற்சியை வார நாளின் குறுகிய ஓட்டம் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 25 கிலோமீட்டர் ஓட்டத்தின் நடுவில் ஜெல் (மாவுச்சத்து நிறைந்த இனிப்புக் கூழ்) சாப்பிட்டதும் குமட்டுகிறது. தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்பதிலும் குழப்பம். அதிகம் குடித்தால் ஆபத்து என்கிறார்களே, உண்மையா அம்மா?

பதில்: உண்மைதான். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, ஓடும்போதே எடை கூடியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்றும் தெரியவந்தது. அது முற்றினால் குழப்பமும் வலிப்பும், சில வேளைகளில் உயிரிழப்பும்கூட நேரலாம். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே பெரும்பாலோருக்குப் போதுமானது. நெடிய ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள். இரண்டு சதவீதத்துக்கு மேல் நன்றாகக் குறைந்திருந்தால் அடுத்த முறை சற்றுக் கூட்டலாம்.

குமட்டலுக்கு வருகிறேன். களைத்த பிறகு முதல் ஜெல்லை எடுத்தால் வயிறு ஏற்காது, ஏனெனில் அப்போது இரத்தம் பெரும்பாலும் கால்களுக்குப் போய்விட்டிருக்கும். புறப்பட்ட 30 முதல் 40 நிமிடத்துக்குள் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில் சிறிது சிறிதாக எடுங்கள். ஜெல்லோடு வெறும் தண்ணீர் குடியுங்கள். இனிப்பான பானத்தையும் சேர்த்தால் சர்க்கரைச் செறிவு கூடிக் குமட்டல் அதிகமாகும். முதல் சில வாரங்களில் பாதி ஜெல் போதும். குடலும் பழகும் உறுப்புதான் அம்மா. கால்களுக்குக் கொடுக்கும் அவகாசத்தை அதற்கும் கொடுங்கள். போட்டியன்று எதையும் முதன்முறையாக வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி: முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஓரிடத்தில் வலிக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு இந்த வார 24 கிலோமீட்டரை முடித்துவிடலாமா?

பதில்: கூடாது. விரலால் தொட்டுக் காட்டும்படி எலும்பில் ஒரே இடத்தில் வலித்து, ஓட ஓடக் கூடினால், அது எலும்பில் நுண்ணிய முறிவாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரை எச்சரிக்கையை மறைத்துவிடும். நீரிழப்போடு சேரும்போது சில வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

கேள்வி: காய்ச்சலால் இரண்டு வாரங்கள் ஓடவில்லை. கடைசியாக 22 ஓடியிருந்தேன். அட்டவணைப்படி இந்த வாரம் 26. என்ன செய்வது?

பதில்: விட்ட ஓட்டங்களை ஈடுகட்ட முயலாதீர்கள். காய்ச்சல் முற்றிலும் விட்டு, மூன்று நான்கு குறுகிய ஓட்டங்கள் களைப்பில்லாமல் போன பிறகு, 18 ஓடுங்கள். அடுத்த வாரம் 21. அட்டவணையின் உச்சம் 32 என்று எழுதியிருந்தால் அதை 28 என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.