குழு கலைந்துவிட்டது, பயோடேட்டாவில் என்ன எழுதுவது?

ஐயா,

உங்கள் மகள் வணிகவியல் பட்டம் பெற்றதும் வேலைக்குப் போகாமல் நண்பர்களோடு இரண்டு ஆண்டுகள் ராக் இசைக்குழு நடத்தினாள். சொந்தமாக ஆறு பாடல்கள் வெளியிட்டார்கள். இப்போது குழு கலைந்துவிட்டது. நேர்முகத் தேர்வில் அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டால், "வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லை" என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். பொய் என்பதற்காக மட்டும் தடுக்கவில்லை. உண்மையை ஒழுங்காகச் சொன்னால் அதுவே நன்றாக எடுபடும். அதை ஒழுங்காகச் சொல்ல அவளுக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் இயங்கும் இசைக்குழுக்கள் சில ஆண்டுகளில் கலைவது வழக்கமே. வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1978-இல் யங் மார்பிள் ஜயன்ட்ஸ் என்ற குழு உருவானது. ஸ்டூவர்ட் மாக்சம், ஃபிலிப் மாக்சம் என்ற சகோதரர்களும் பாடகி அலிசன் ஸ்டாட்டனும் அதில் இருந்தார்கள். டிரம்மர் கிடையாது. தொலைபேசிப் பொறியாளரான ஓர் உறவினர் தாமே செய்து கொடுத்த மின்னணுக் கருவிதான் தாளம் போட்டது. உள்ளூர்க் குழுக்களின் தொகுப்பு ஒன்றில் இடம்பெற்ற பாடல்கள் லண்டனின் ரஃப் டிரேட் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் காதுக்கு எட்டின. 1980-இல் ஓர் ஆல்பம் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குழுவும் முடிந்துவிட்டது. முழு நீள ஆல்பம் என்று அவர்கள் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

அதன்பின் ஸ்டூவர்ட் வேறொரு பெயரில் தொடர்ந்து இசைத்தார். ஸ்டாட்டன் இன்னொரு குழுவில் பாடினார். பிறகு முதுகெலும்பு, மூட்டு வலிகளுக்குக் கையால் சிகிச்சை தரும் கைரோபிராக்டராகப் பயிற்சி பெற்று அந்தத் தொழிலுக்குப் போனார், பாடுவதையும் விட்டுவிடவில்லை. புகழ்பெற்ற அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் தமக்குப் பிடித்த ஆல்பங்களில் ஒன்றாக அந்த ஒற்றை ஆல்பத்தைக் குறிப்பிட்டது பல ஆண்டுகள் கழித்து. உங்கள் மகளுக்கும் அப்படிப் புகழ் வரும் என்று ஆசை காட்ட இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான குழுக்களுக்கு அது வருவதேயில்லை. நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஸ்டாட்டனின் தொழிலை. குழு கலைந்தபின் வேறொரு படிப்பு, வேறொரு வேலை என்று போக அவருக்கு வழி இருந்தது. உங்கள் மகளுக்கும் இருக்கிறது.

இனி அவள் செய்யவேண்டியது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் குழுவின் வரலாற்றை எழுதச் சொல்லுங்கள். இசையைப் பற்றி வேண்டாம், நடந்த வேலைகளைப் பற்றி எழுதட்டும். எந்த மாதம் எங்கே வாசித்தார்கள்? அந்த இடத்தைப் பேசி முடித்தது யார்? முன்பணம் வாங்கினார்களா? ஒலிபெருக்கிக்கு வாடகை கொடுத்தது எப்படி? டிக்கெட் பணத்தை எண்ணிப் பங்கு பிரித்தது யார்? பாடல்களை இணையத்தில் ஏற்றும்போது விவரங்களை நிரப்பியது யார்? நிகழ்ச்சியன்று ஒருவர் வராமல் போனபோது எப்படிச் சமாளித்தார்கள்? உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: "கணக்கு வழக்கெல்லாம் இவள் தலையில்தான்." ஐயா, வணிகவியல் படித்த பெண் இரண்டு ஆண்டுகள் ஒரு சிறு அமைப்பின் கணக்கைப் பார்த்திருக்கிறாள். அதையா மறைக்கப் பார்க்கிறீர்கள்?

அந்த வரலாற்றிலிருந்து பயோடேட்டாவுக்கு மூன்று வரிகள் போதும். சுயாதீன இசைக்குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தது, நிகழ்ச்சி ஏற்பாடும் வரவு செலவுக் கணக்கும் தன் பொறுப்பில் இருந்தது, ஆறு பாடல்கள் பதிவு செய்து வெளியிட்டது. அதற்குமேல் அலங்காரம் வேண்டாம். "குழு மனப்பான்மை மிக்கவர்" என்ற வாசகத்தைக் கண்டாலே நான் தாண்டிப் போய்விடுவேன். தேர்வு செய்பவர்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

"ஏன் கலைந்தது?" என்று நிச்சயம் கேட்பார்கள். பழைய நண்பர்களைக் குறை சொல்லும் பதில் அவளைத்தான் கீழே இறக்கும். என்ன நடந்தது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, பாக்கிகளை எப்படி முடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். சிக்கல் என்னவென்றால், உங்கள் கடிதத்தைப் பார்த்தால் பாக்கிகள் இன்னும் முடியவில்லை என்றே தெரிகிறது. வேலை தேடுவதற்கு முன் அதை முடிக்கட்டும்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. வரியும் மெட்டும் எழுதியவருக்கு ஒன்று, ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு இன்னொன்று. எந்தப் பாட்டை யார் எழுதினார்கள், யாருக்கு எவ்வளவு பங்கு, பதிவுச் செலவு யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பேச்சுவார்த்தை இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. பாடல்களை வெளியிட்ட கணக்கின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும்.

இது வெறும் எச்சரிக்கை அல்ல. அமெரிக்காவில் 1987-இல் தொடங்கி 1991-இல் கலைந்த கேலக்ஸி 500 என்ற மூவர் குழுவின் ஆல்பங்களையும் ரஃப் டிரேட் வெளியிட்டிருந்தது. அந்த நிறுவனம் திவாலானபோது, குழுவினர் தங்கள் சொந்த ஒலிப்பதிவுகளையே ஏலத்தில் விலை கொடுத்து மீட்கவேண்டி வந்தது. குழுவின் டிரம்மர் டேமன் க்ருகோவ்ஸ்கி அவற்றை மீட்டார். அதனால்தான் அந்த ஆல்பங்களைப் பின்னர் மறுபடியும் வெளியிட முடிந்தது.

ஆனால் இதைப் பெரிய வருமானம் என்று அவள் எண்ணிவிடக் கூடாது. 2012-இன் ஒரு காலாண்டில் அவர்களுடைய பாடல் ஒன்று பண்டோரா இணைய வானொலியில் 7,800 தடவை ஒலித்ததற்கு, எழுதிய மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 21 சென்ட் என்று க்ருகோவ்ஸ்கியே கணக்குக் காட்டியிருக்கிறார். ஆளுக்கு ஏழு சென்ட். இசை தொடரட்டும், வயிற்றுப்பாட்டுக்கு வேலை வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல கணக்கு என்னிடம் இல்லை.

வேலை என்றால் கணக்குத் துறை இருக்கவே இருக்கிறது. அவளுக்கு அதில் சலிப்பு என்றால் நிகழ்ச்சி மேலாண்மை நிறுவனங்கள், இசை உரிமைகளை நிர்வகிக்கும் அமைப்புகள், கலை அரங்குகளின் அலுவலகங்கள் ஆகியவற்றிலும் கணக்கு தெரிந்தவர்களுக்கு இடமுண்டு. இசைக்கலைஞர்களோடு பேசிப் பழகியவள் என்பது அங்கே கூடுதல் தகுதி. ஒலிப் பொறியியல் படிக்கவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவுக்கூடத்தில் ஒலிகளைக் கலந்து சமன் செய்யும் மிக்ஸிங் மேசையருகே அவள் உட்கார்ந்தாளா, அல்லது வாசித்து முடித்ததும் வெளியே போய்விட்டாளா என்று கேளுங்கள். இரண்டாவதென்றால் அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம்.

கிட்டாரை விற்றுவிடலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: அது அவள் வாங்கியது. விற்கவேண்டுமென்று தோன்றினால் அவளே விற்றுக்கொள்வாள்.