டிரம்மில் தண்ணீர் தேங்கினால் மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின். துணியைத் துவைத்துவிடுகிறது, ஆனால் ஸ்பின் ஆகாமல் நின்றுவிடுகிறது. டிரம்மில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, கதவும் திறப்பதில்லை. ‘உர்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: டிரம் சுற்றித் துவைக்கிறதே, அப்படியென்றால் மோட்டாரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தண்ணீர் வெளியேறாமல் மெஷின் ஸ்பின்னுக்குப் போகாது. தண்ணீர் நிற்கும்வரை கதவின் பூட்டும் விடாது. ஆக, நீங்கள் சொல்லும் மூன்று கோளாறும் ஒரே கோளாறுதான்: தண்ணீர் வடியவில்லை. அந்த ‘உர்’ சத்தம் பெரும்பாலும் தண்ணீரை வெளியே தள்ளும் டிரெயின் பம்ப்புடையது. கரண்ட் வருகிறது, ஆனால் ஏதோ அடைத்திருக்கிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். மெஷினின் அடிப்பகுதியில், பெரும்பாலும் வலது மூலையில், ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் இருக்கும் திருகு மூடிதான் பம்ப் ஃபில்டர். சில மெஷின்களில் பக்கத்திலேயே மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றும் இருக்கும். அதன் அடைப்பானை எடுத்துத் தட்டையான பாத்திரத்தில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிடுங்கள். குழாய் இல்லையென்றால் ஃபில்டரை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பி, பாத்திரம் நிறைந்ததும் இறுக்கி, மறுபடி திருப்ப வேண்டும். ஒரேயடியாகக் கழற்றினால் அறையெல்லாம் தண்ணீராகிவிடும்.

ஃபில்டரில் நாணயம், ஹேர்பின், பட்டன், நூல் கட்டி என எதுவும் சிக்கியிருக்கலாம். அதைக் கழுவியதோடு நிறுத்திவிடாதீர்கள், பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். டார்ச் அடித்து அந்தத் துளைக்குள் பாருங்கள். பம்ப்பின் சின்ன விசிறி தெரியும். அதில் தலைமுடியோ நூலோ சுற்றியிருந்தால் பம்ப்பால் சுற்ற முடியாது. ஒரு மரக்குச்சியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். விட்டு விட்டு, கொஞ்சம் பிடித்துப் பிடித்துத்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. அது கோளாறு அல்ல. அசையவே மறுத்தால்தான் பிரச்சினை.

அங்கே எல்லாம் சரியாக இருந்தால், அடுத்து வெளியேற்றும் குழாய். மெஷினைச் சுவரோடு தள்ளும்போது குழாய் மடிந்துபோவது அடிக்கடி நடக்கும். குழாயின் முனை சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான ஃப்ரன்ட் லோட் மெஷின்களின் கையேடு சொல்லும். அதைவிட மிக உயரமாக இருந்தால் பம்ப் திணறும். மிகத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் நிரம்ப நிரம்ப வெளியே ஓடிவிடும். டாப் லோட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் பலவற்றில் பம்ப்பே கிடையாது. குழாய் தரையோடு படுத்திருந்தால்தான் தண்ணீர் தானாக வடியும்.

தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனாலும் ஸ்பின் வேகமெடுக்கவில்லையா? உள்ளே என்ன துணி என்று பாருங்கள். தனியாகப் போட்ட கனமான போர்வை ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால், மெஷின் சிலமுறை பிரித்துப்போட முயன்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும். இன்னும் இரண்டு மூன்று துணி சேர்த்தாலே சரியாகிவிடும். சோப்புத்தூள் அதிகமானால் வரும் நுரையும் இதே தொல்லையைத் தரும், ஏனென்றால் பம்ப்பால் நுரையைத் தள்ள முடியாது. துணியில்லாமல், சோப்பில்லாமல் ஒருமுறை வெறும் தண்ணீரில் ஓட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தண்ணீர் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டிரம் காலியாக இருந்தும் தண்ணீர் இருப்பதாகவே மெஷின் நடந்துகொண்டால், நீர்மட்டம் காட்டும் பிரஷர் சுவிட்சையும் அதற்குப் போகும் மெல்லிய குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். சோப்புக் கசடு அடைத்தால் அது பொய்க்கணக்குக் காட்டும். எடுத்த எடுப்பில் மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டை மாற்றச் சொன்னால், பம்ப்பைச் சோதித்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

பின்பக்க மூடியை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். சில மெஷின்களில் இருக்கும் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்), பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கக்கூடியது. மெஷினைத் தொடும்போது லேசாக ஷாக் அடிப்பதுபோல் தெரிந்தால், மேலே சொன்ன எதையும் செய்யாமல், மெயின் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.